காவல்கூலி, கைரேகை, கிராம சபை: அரசுங்கிற ஒப்பந்தத்துல யாரு கையெழுத்துப் போட்டா?

ஹாப்ஸ், லாக், ரூசோ. அரசு எதுக்கு, எப்படி வந்துச்சுன்னு எழுதுன பழைய ஐரோப்பிய தத்துவக்காரங்க. பொலிட்டிகல் சயின்ஸ் எடுத்தவங்க, குரூப் ஒன்னுக்கு படிக்கிறவங்க எல்லாரும் இந்த மூணு பேரையும் ஒரே மூச்சுல சொல்லிப் பழகினவங்கதான். கைடுல இருக்கிற கதை இதுதான்: ஆதியில அரசு இல்ல, சட்டம் இல்ல, வல்லவன் வச்சதே வழி, அதுல வெறுத்துப் போன ஜனங்க ஒண்ணு கூடி "சரிப்பா, ஆளாளுக்கு கத்திய தூக்குறத விட்ருவோம், அதிகாரத்த ஒரே இடத்துல குடுத்துருவோம், அது நம்மள காப்பாத்தட்டும்"னு பேசி முடிச்சாங்க, அதுதான் சமூக ஒப்பந்தம், அப்படி ஒரே இடத்துல குவிஞ்ச கடைசி அதிகாரத்துக்குப் பேரு இறையாண்மை. எழுதுனா பத்து மார்க் வந்துரும். ஆனா மதுரைப் பக்கத்துல இருந்துகிட்டு இதப் படிச்சா ஒரு இடத்துல இடிக்கும். ஏன்னா இங்க காவலுக்குன்னு நிஜமாவே ஒப்பந்தம் இருந்துச்சு, கூலி இருந்துச்சு, பொருள் போனா நஷ்டஈடு இருந்துச்சு, ஒரு கட்டத்துல "உங்க காவலே வேணாம்"னு ஜனங்க முறிச்சுக்கிட்டதும் நடந்துச்சு. நவீன அரசு இந்த ஒப்பந்தத்துல இருந்து முளைச்சு வரல, அத ஓரங்கட்டிட்டு மேல வந்து உக்காந்துச்சு.

மொதல்ல ஹாப்ஸ். இங்கிலாந்துல உள்நாட்டுப் போர் நடந்து, 1649-ல ராஜா சார்லஸோட தலையவே வெட்டிட்டாங்க. அந்தக் கலவரத்த பாத்து பயந்து போன ஆளு, 1651-ல லெவியதான் எழுதுறாரு. அரசு இல்லைனா மனுஷ வாழ்க்கை ஒண்டியா, வறுமையா, மிருகத்தனமா, சீக்கிரமே முடிஞ்சு போறதா இருக்கும்ங்கிறது எல்லாரும் மேற்கோள் காட்டுற வரி. ஆனா அதவிட முக்கியமான இடம் ஒண்ணு இருக்கு, கைடுல அத ஒரு வரியில தாண்டிப் போயிருவாங்க. ஹாப்ஸோட ஒப்பந்தம் ஜனங்களுக்கும் ராஜாவுக்கும் நடுவுல போடுறது இல்ல. ஜனங்க தங்களுக்குள்ள போட்டுக்கிறது. "நீ உன் உரிமையக் குடு, நானும் குடுக்குறேன், ரெண்டு பேரும் அந்தாளுக்குக் கட்டுப்படுவோம்"னு. அந்தாளு இதுல கையெழுத்தே போடல. கையெழுத்துப் போடாதவன் எப்படி ஒப்பந்தத்த மீறுவான்? அதனால இறையாளுற அதிகாரம் என்ன செஞ்சாலும் அதுமேல கேஸ் போட முடியாதுன்னு முடிச்சிருவாரு. ஒரே ஒரு ஓட்டை மட்டும் விட்டு வைக்கிறாரு: அது உன்ன காப்பாத்த முடியாத நிலைமைக்கு வந்துருச்சுன்னா, நீ கட்டுப்படத் தேவையில்ல. இந்த ஓட்டைய மனசுல வச்சுக்கோங்க.

லாக் கொஞ்சம் இளக்கம். அரசாங்கம்ங்கிறது நம்பிக்கையில ஒப்படைச்ச பொறுப்பு, உயிரையும் சுதந்திரத்தையும் சொத்தையும் காப்பாத்தலைனா கலைச்சிட்டு வேற அமைக்கலாம்னாரு. நல்லாத்தான் இருக்கு, ஆனா நான் எப்ப சம்மதிச்சேன்னு கேட்டா அவரு பதில் சறுக்குது. அந்த நாட்டு ரோட்டுல நடந்தாலே நீ மறைமுகமா சம்மதிச்ச மாதிரிதான்ங்கிறாரு. அப்படிப் பாத்தா பெரியார் பஸ் ஸ்டாண்டுல பஸ் ஏறுறவன் எல்லாம் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டவன் ஆயிருவான். 1748-ல ஸ்காட்லாந்து தத்துவக்காரர் டேவிட் ஹியூம் இதத்தான் கிண்டல் பண்ணாரு: தூங்கிட்டு இருந்தவன கப்பல்ல தூக்கிப் போட்டு, நடுக்கடல்ல முழிச்சதும் "இஷ்டம் இல்லைனா குதிச்சிரு, குதிக்கலைனா கேப்டனுக்கு சம்மதம்னு அர்த்தம்"னு சொல்ற மாதிரி இருக்குனு. அதோட விடல, உலகத்துல இருக்கிற அரசுகள் கிட்டத்தட்ட எல்லாமே பிடிச்சதுலயும் ஜெயிச்சதுலயும் வந்ததுதான், ஒப்பந்தத்துல வந்தது எங்கனு காட்டுங்கன்னாரு.

ரூசோவுக்கு 1762. அவருக்கு இறையாண்மை ஜனங்களோடது, அத யாருக்கும் மாத்திக் குடுக்கவும் முடியாது, பிரதிநிதி வச்சு நடத்தவும் முடியாது. இங்கிலாந்துக்காரன் தேர்தல் அன்னைக்கு மட்டும்தான் சுதந்திரமா இருக்கான், ஓட்டுப் போட்டு முடிச்சதும் அடிமைன்னாரு. (2009 இடைத்தேர்தலுக்கு அப்புறம், ஓட்டுக்குக் காசுங்கிறதுக்கு "திருமங்கலம் பார்முலா"ன்னு ஒரு வார்த்தைய நாட்டுக்கே குடுத்த ஊரு நம்ம பக்கம்தான். அதையும் ஒரு ஒப்பந்தம்னு எடுத்துக்கிட்டா ரூசோ என்ன சொல்லிருப்பாரோ தெரியல.)

இப்ப நம்ம ஊருக்கு வருவோம்.

மதுரைக்கு மேற்க, உசிலம்பட்டி செக்கானூரணி பக்கம் பிரமலைக் கள்ளர்கள் பாத்த காவல் முறை பல தலைமுறையா இருந்தது. காவல்காரருக்கு ஊர்க்காரங்க கூலி குடுப்பாங்க, பெரும்பாலும் களத்துமேட்டுல நெல்லு அளக்கும்போதே அவரு பங்கு தனியா போயிரும். பதிலுக்கு அவரோட பொறுப்பு என்னன்னா, மாடு காணாப் போனா கண்டுபிடிச்சுக் குடுக்கணும், முடியலைனா அதோட மதிப்ப குடுக்கணும். இன்னைக்கு பைக் திருடு போச்சுன்னா ஸ்டேஷன்ல நாலு தடவ நடந்து ஒரு சி.எஸ்.ஆர். காப்பி, அதாவது புகார் குடுத்ததுக்கு ரசீது, வாங்கலாம், வண்டிக்கான காச இன்சூரன்ஸ்காரன்கிட்டதான் கேக்கணும், போலீஸ்கிட்ட கேட்டா சிரிப்பாங்க. அந்த விதத்துல பாத்தா காவல் முறைதான் லாக் எழுதுனதுக்கு ரொம்பக் கிட்ட வருது, குடுக்கல் வாங்கல் ரெண்டும் கண்ணுக்குத் தெரிஞ்சுச்சு, சேவை வரலைனா நஷ்டஈடு கேக்க ஆள் இருந்துச்சு.

ஆனா இத ரொம்ப இனிப்பா சொல்லிறவும் கூடாது. காவல் வைக்காத ஊருல மாடு காணாப் போகும், அப்ப துப்புக் கூலின்னு ஒண்ணு உண்டு. நடுவுல ஒரு ஆளு வந்து பேசுவாரு, மாட்டு விலையில ஒரு பங்கு கைமாறும், அப்புறம் பாத்தா மாடு சொல்லி வச்ச மாதிரி ஏதோ ஒரு ஓடைக்கரையில மரத்துல கட்டிக் கிடக்கும். போலீசுக்குப் போனா மாட்ட மறந்துற வேண்டியதுதான். காப்பாத்துறதும் அவங்க, எதுல இருந்து காப்பாத்துறதுங்கிறதும் பாதி அவங்க. அமெரிக்க சமூகவியலாளர் சார்லஸ் டில்லி 1985-ல எழுதுன ஒரு கட்டுரையில ஐரோப்பிய அரசுகளே இப்படித்தான் உருவாச்சுன்னு வாதாடுனாரு: மிரட்டலையும் பாதுகாப்பையும் ஒரே ஆளு வித்தான், அதுல ஜெயிச்சவனுக்கு ராஜான்னு பேரு வந்துச்சுன்னு. காவல்காரரும் ராஜாவும் ஒரே தொழில்தான், அளவுதான் வேறங்கிறது என் அபிப்ராயமும்.

அந்த ஒப்பந்தம் முறிஞ்ச கதைதான் எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச இடம், ஏனோ இதப் பத்தி யாரும் அதிகமா பேசுறதில்ல. 1896 வாக்குல திண்டுக்கல் பக்கம் விவசாயிகளும் மாடு வச்சிருந்தவங்களும் சேர்ந்து ஒரு நிதி போட்டாங்க, "பண்டு"ன்னு பேரு. ஆளாளுக்கு காசு போட்டு ஒரு பொதுப் பணம், யாரு மாடு திருடு போனாலும் அதுல இருந்து ஈடு குடுத்துருவோம், இனிமே காவல்காரருக்கு கூலி கிடையாது, துப்புக் கூலியும் கிடையாதுன்னு முடிவு. கள்ளர் காவலுக்கு எதிரா ஊர் ஊரா பரவுச்சு, அடிதடியும் தீவைப்பும் சேர்ந்தே நடந்துச்சு, அழகான புரட்சின்னு சொல்றதுக்கு இல்ல. ஆனா வடிவத்த மட்டும் பாருங்க. பழைய பாதுகாப்பு ஒப்பந்தத்த ரத்து பண்றாங்க, தங்களுக்குள்ள புது ஒப்பந்தம் போடுறாங்க, அதுக்கு ஒரு பொது நிதி வைக்கிறாங்க. ஹாப்ஸும் லாக்கும் கற்பனையில பாத்தத திண்டுக்கல் ரோட்டுல நிஜமா செஞ்சிருக்காங்க, அதுவும் அவங்க புத்தகத்தப் பத்தி ஒண்ணும் தெரியாமயே.

வெள்ளைக்காரன் அரசுக்கு காவல்காரரோட அதிகாரமே பிடிக்கல, அதுதான் விஷயம். 1859-லயே மெட்ராஸ் மாகாணத்துக்கு போலீஸ் சட்டம் வந்துருச்சு, அதுக்கும் முன்னாடியே பாளையக்காரங்ககிட்ட இருந்த காவல் அதிகாரத்த பிடுங்கியாச்சு. ஜெர்மன் சமூகவியலாளர் மேக்ஸ் வெபர் 1919-ல சொன்னது இங்க கச்சிதமா பொருந்தும்: ஒரு எல்லைக்குள்ள முறையான வன்முறைக்கு ஏகபோக உரிமை கொண்டாடுறது எதுவோ அதுதான் அரசு. ஏகபோகம்னா கூட்டாளி கூடாது. காவல்காரரு நல்லவரா கெட்டவரா, ஜனங்க அவர வச்சுக்க விரும்புறாங்களா இல்லையாங்கிற கேள்வியே அங்க எழல.

அப்புறம் வந்ததுதான் குற்றப் பரம்பரைச் சட்டம். 1871-ல வடக்க ஆரம்பிச்சது, 1911-ல திருத்திப் போட்ட சட்டம் வழியா மெட்ராஸ் மாகாணத்துக்கும் வந்துச்சு. 1914-ல மதுரைக்குப் பக்கத்துல கீழக்குயில்குடி கள்ளர்கள் மேல பாஞ்சுச்சு, கொஞ்ச வருஷத்துல பிரமலைக் கள்ளர் சமூகம் முழுக்க. நம்ம ஆளுங்க வாயில அதுக்கு ரேகைச் சட்டம்னு பேரு. பொறந்த சாதிய வச்சு குற்றவாளின்னு பதிவு, பத்து விரல்லயும் மை தடவி ரேகை, ராத்திரி ஆனா ஆம்பளைங்க வீட்டுல படுக்கக் கூடாது, கச்சேரியில, அதாவது போலீஸ் ஸ்டேஷன்ல, போய் படுக்கணும். கல்யாணமான மாப்பிள்ளைக்கும் அதே கதிதான். வெளியூருக்கு எழவுக்குப் போகணும்னாக்கூட ராதாரிச் சீட்டு வாங்கணும், எங்க போற, எப்ப வருவ, யாரு வீட்டுல தங்குவன்னு எழுதி, போன ஊருல அத காட்டணும்.

இந்தச் சட்டத்துல ஒரு பிரிவு இருக்கு, அதுதான் என்னை ஹாப்ஸ்கிட்ட திரும்பக் கூட்டிட்டுப் போச்சு. இன்ன சமூகம் குற்றப் பரம்பரைன்னு அரசு நோட்டிபிகேஷன் போட்டா, அது செல்லுமா செல்லாதான்னு எந்தக் கோர்ட்டும் கேள்வி கேக்கக் கூடாது. அரசு ஒப்பந்தத்துல கட்சிக்காரனே இல்ல, அதனால அதுமேல வழக்கு இல்லன்னு ஹாப்ஸ் தத்துவமா எழுதுனது இங்க செக்கானூரணி கச்சேரிக்கு வந்து சேரும்போது ஒரு சட்டப் பிரிவா ஆயிருச்சு. நோட்டிபிகேஷனையே கேள்வி கேக்க முடியாதுன்னா வக்கீல் என்னதான் பண்ணுவாரு? அப்படியும் பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப் மதுரையில இவங்களுக்காக கோர்ட்டுலயும் வெளியிலயும் வாதாடுனாரு. செங்கன்னூர்ல பொறந்த மலையாளி, ஜனங்க அவருக்கு ரோசாப்பூ துரைன்னு பேரு வச்சாங்க, ரோசாப்பூங்கிற பேர பிள்ளைகளுக்கும் வச்சாங்க.

1920 ஏப்ரல் 3. உசிலம்பட்டி பக்கம் பெருங்காமநல்லூர்ல ரேகை எடுக்க போலீஸ் வந்துச்சு, ஜனங்க வைக்க மாட்டோம்னு நின்னாங்க. துப்பாக்கிச் சூட்டுல 16 பேர் செத்தாங்க, அதுல ஒருத்தி மாயக்காள், குண்டடி பட்டுக் கிடந்தவங்களுக்கு தண்ணி குடுக்கப் போனவன்னு இன்னைக்கும் ஊருல சொல்வாங்க. சம்மதம்னா என்னன்னு தத்துவக்காரங்க முன்னூறு வருஷமா மல்லுக்கட்டுறாங்க. இங்க ஒரு ஊரே பகல்ல, நேருக்கு நேரா, சம்மதம் இல்லன்னு சொன்ன நாள் அது. ஹாப்ஸோட ஓட்டைய ஞாபகம் வச்சுக்கச் சொன்னேன்ல, காப்பாத்தாத அரசுக்கு கட்டுப்படத் தேவையில்லன்னு, காப்பாத்துறேன்னு வந்ததே சுட்டா அப்புறம் எந்தக் கணக்குல கட்டுப்படுறது?

இதே அரசுதான் அதே காலத்துல அந்த ஜனங்களுக்காக கள்ளர் சீரமைப்புத் திட்டம்னு ஒண்ணு கொண்டு வந்து பள்ளிக்கூடம் கட்டுச்சு, கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கம் இன்னைக்கும் நடக்குது. அடிக்கிற கையும் அதுதான், ஸ்லேட்டு குடுக்கிற கையும் அதுதான். அரசுமேல ஜனங்களுக்கு முழுசா வெறுப்பும் வராது, முழுசா நம்பிக்கையும் வராதுங்கிறதுக்கு இதவிட காரணம் வேணாம். மெட்ராஸ் மாகாணத்துல 1947-ல சட்டத்த எடுத்தாங்க, நாடு முழுக்க 1952 ஆகஸ்ட் 31. குற்றப் பரம்பரைப் பட்டியல்ல இருந்து விடுவிச்சவங்களுக்குக் குடுக்கிற சீர்மரபினர் சான்றிதழ்ல சமூகம்னு போடுறதா பழங்குடின்னு போடுறதாங்கிற சண்டை அதுக்கப்புறமும் பல வருஷம் ஓடுச்சு.

சரி, 1950-க்கு அப்புறம்? அரசியலமைப்பு "இந்திய மக்களாகிய நாம்"னு ஆரம்பிக்குது, அப்ப இப்பத்தான் உண்மையான ஒப்பந்தம் வந்துருச்சான்னு கேக்கலாம். கறாரா பாத்தா அரசியல் நிர்ணய சபைய 1946-ல மாகாண சட்டமன்றக்காரங்கதான் தேர்ந்தெடுத்தாங்க, அவங்களுக்கு ஓட்டுப் போட்டதும் சொத்து, வரி, படிப்புன்னு தகுதி இருந்தவங்க மட்டும்தான். ரேகை வச்சுட்டு கச்சேரியில படுத்திருந்தவங்கள்ல எத்தனை பேருக்கு அந்த ஓட்டு இருந்திருக்கும்? ஆனாலும் நான் அத வெறும் காகிதம்னு சொல்ல மாட்டேன். காரணம் அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்னைக்கு அந்தச் சபையில சொன்ன ஒரு விஷயம். கிராமத்த அலகா வைக்காம தனிமனுஷன அலகா வச்சதுக்கு எனக்கு சந்தோஷம்னாரு, கிராமத்த அறியாமையும் வகுப்புவாதமும் தேங்குற இடம்னாரு. அப்ப நிறைய பேருக்கு கோபம். ஒப்பந்தத்துல யாரு ஒரு கட்சிக்காரன், ஊரா, சாதியா, ஆளாங்கிறதுதான் அவரு கேட்டது.

அதுக்கு பதில் மதுரை ஜில்லாவுலயே கிடைச்சுது, அம்பது வருஷம் கழிச்சு. பஞ்சாயத்துராஜ் திருத்தத்துக்கு அப்புறம் 1996-ல பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் தலைவர் பதவிய தலித்துகளுக்கு ஒதுக்குனாங்க. பத்து வருஷம் ஒழுங்கா தேர்தல் நடக்கல. மனுதாக்கல் பண்ண ஆள் வராது, வந்தா ஊரு நிறுத்துன ஆளா இருக்கும், ஜெயிச்ச கையோட ராஜினாமா எழுதிக் குடுத்துரும், அப்புறம் மறுபடி அறிவிப்பு, மறுபடி அதே நாடகம். 2006-லதான் தேர்தல் நடந்து தலைவருங்க பதவியில உக்காந்தாங்க. மேலூர் பக்கம் மேலவளவுல அதுக்கும் இடம் குடுக்கல, பஞ்சாயத்து தலைவர் முருகேசனையும் கூட இருந்தவங்களையும் 1997 ஜூன் 30 அன்னைக்கு பஸ்ஸ மறிச்சு வெட்டிக் கொன்னாங்க. ஒரு சமயம் அரசோட ரேகைக்கு எதிரா நின்ன அதே உசிலம்பட்டிப் பக்கத்து ஊர்க்கட்டுதான் இன்னொரு சமயம் அரசோட இட ஒதுக்கீட்டுக்கு எதிரா நின்னுச்சு. ஊர்க்கட்டுப்பாடும் ஒரு ஒப்பந்தம்தான், ஊர் கூடுற மந்தையில பேசி முடிச்சது. மந்தையில உக்கார விடாதவனோட சம்மதத்த அதுல யாரும் கேக்கல. பொம்பளைங்களோடதையும் கேக்கல, பெண்ணிய அரசியல் தத்துவக்காரர் கேரல் பேட்மன் 1988-ல ஒரு புத்தகமே எழுதுனாங்க, இந்த ஒப்பந்தக் கதை எல்லாமே ஆம்பளைங்க தங்களுக்குள்ள போட்டுக்கிட்டதுதான்னு.

அதனால அரசுக்கு எதிரா ஊருன்னு சொன்னாலே நியாயம் ஊரு பக்கம்தான்னு எடுத்துக்க எனக்கு மனசு வராது. பாப்பாபட்டியில டெல்லி எழுதுன சட்டம்தான் ஒரு தலித்துக்கு பிடிமானமா இருந்துச்சு. கடைசி வார்த்தை மந்தையில இருந்திருந்தா அந்த நாற்காலி காலியாவே கிடந்திருக்கும்.

ஆனா கடைசி வார்த்தை டெல்லியில இருக்கிறதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு, அத மேலூர்க்காரங்க 2024 நவம்பர்ல பாத்தாங்க. அரிட்டாபட்டிய சுத்தி நாயக்கர்பட்டி டங்ஸ்டன் பிளாக், 2,000 ஹெக்டேருக்கு மேல, ஏலம் போயி வேதாந்தா குழுமத்தோட ஹிந்துஸ்தான் ஜிங்க் எடுத்துச்சுன்னு சேதி வந்தப்பதான் நிறைய பேருக்கு தங்க நிலத்துக்கு அடியில இப்படி ஒண்ணு நடக்குதுன்னே தெரிஞ்சுது. அதுல ஒரு பகுதி 2022-ல தமிழ்நாடு அரசே பல்லுயிர் பாரம்பரியத் தலமா அறிவிச்ச இடம், மலையில சமணப் படுக்கையும் தமிழிக் கல்வெட்டும் குடைவரைக் கோயிலும் இருக்கு. கிராம சபையில தீர்மானம் போட்டாங்க. டீக்கடையில எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: "அதான் கிராம சபையில வேணாம்னு சொல்லியாச்சே, அப்புறமும் எப்படிண்ணே தோண்டுவான்?"

தோண்டலாம், அதுதான் சட்டம். 2023-ல சுரங்கச் சட்டத்த திருத்தி 24 முக்கியக் கனிமங்கள தனியா எடுத்து, அதுக்கு ஏலம் விடுற அதிகாரத்த ஒன்றிய அரசுகிட்ட மட்டும் குடுத்தாங்க, டங்ஸ்டன் அந்த லிஸ்ட்ல இருக்கு. ஏலம் டெல்லி விடும், குத்தகைப் பத்திரத்துல மாநிலம் கையெழுத்துப் போடணும், நடுவுல கிராம சபை சம்மதிக்கணும்னு எந்தக் கட்டமும் இல்ல. ஒடிசா நியம்கிரியில 2013-ல 12 கிராம சபை வேணாம்னு சொன்னதும் வேதாந்தா திட்டம் நின்னுச்சே, அது எப்படின்னா, அங்க ஆதிவாசிகளோட வன உரிமைச் சட்டம் இருந்துச்சு, சுப்ரீம் கோர்ட்டே கிராம சபைய கேளுன்னு உத்தரவு போட்டுச்சு. அரசியலமைப்புல பழங்குடிகளுக்குன்னு தனிப் பாதுகாப்பு இருக்கிற அஞ்சாவது அட்டவணைப் பகுதின்னு தமிழ்நாட்டுல ஒண்ணுமே இல்ல, அதனால அந்தப் பகுதி கிராம சபைகளுக்கு கூடுதல் அதிகாரம் குடுக்கிற பெசா சட்டமும் இங்க இல்ல. மேலூர் வயக்காட்டுல போடுற தீர்மானம், சட்டத்தோட கண்ணுக்கு ஒரு மனு மாதிரிதான்.

அப்படி இருந்தும் நின்னுச்சு. டிசம்பர் 9 அன்னைக்கு சட்டமன்றத்துல எதிர்த்து தீர்மானம், 2025 ஜனவரி 7 அன்னைக்கு நரசிங்கம்பட்டியில இருந்து தல்லாகுளம் வரைக்கும் ஜனங்க நடந்தே வந்தாங்க, மேலூர்ல கடை பூரா அடைப்பு. ஜனவரி 23-ல ஒன்றிய அரசு ஏலத்த ரத்து பண்ணிருச்சு. ரூசோ ஆளுங்க இத ஜனங்களோட இறையாண்மைன்னு சொல்வாங்க. ஹாப்ஸ் ஆளுங்க, ரத்து பண்ணுனதும் அதே டெல்லிதானே, அப்ப கடைசி வார்த்தை எங்க இருந்துச்சோ அங்கயேதான் இருக்குன்னு சொல்வாங்க. எனக்கு இந்த விஷயத்துல ஹாப்ஸ் சொல்றதுதான் சரியா படுது. ரத்து ஆனது ஒரு ஏலம் மட்டும்தான், அந்த முக்கியக் கனிமப் பட்டியலும் ஏல அதிகாரமும் டெல்லிகிட்டயே இருக்கு. நாளைக்கு இன்னொரு தாலுகாவுல இன்னொரு பிளாக் அறிவிச்சா, அந்த ஊரு கிராம சபை தீர்மானம் போட்டு கலெக்டர் ஆபீஸ்ல குடுத்து சீல் வச்ச நகல் வாங்கிக்கலாம், சட்டப்படி அதுக்கு மேல அதுக்கு ஒரு பலமும் கிடையாது.